இரத்த அழுத்தமும் கல்கத்தா கண்ட வேரும்

நம் சங்கத்து அன்பர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், ஊர்ச் செய்தி, பிள்ளைகளின் படிப்பு, விடுமுறைக்கு இரயிலில் இடம் கிடைத்த கதை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எழுகின்ற பேச்சு ‘பிரஷர்’ என்பதாகும். “எனக்கு நூற்றைம்பது”, “என் மாமியாருக்கு நூற்றெண்பது” என எண்கள் கைமாறுகின்றன. ஆயினும் அந்த எண் எதனை அளக்கின்றது, உடல் அதனை எவ்வாறு ஆள்கின்றது, அது மிகுமாயின் ஏன் அஞ்ச வேண்டும் என்ற வினாக்களுக்கு விடை அறிந்தோர் சிலரே.

நாம் மருத்துவரல்லோம், பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணி புரிகின்றோம். எனினும் இத்துறையில் வல்லோர் எழுதியவற்றைப் பயின்று அறிந்ததை, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உயர்ந்த இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மருந்துகளின் வரலாற்றில், நாம் குடியேறி வாழும் இந்நகரத்திற்கு உரிய இடம் பெரிது. அதனை நம்மவர் பலர் அறியார்.

நகரத்துக் குழாயும் நாடிக் குழாயும்

இந்நகரின் வடபகுதியில் டாலா என்னும் இடத்தில் நிற்கும் பெரிய இரும்பு நீர்த்தொட்டியை அன்பர்கள் கண்டிருக்கக்கூடும். 1909-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1911-இல் பயனுக்கு வந்த அத்தொட்டி, தரையிலிருந்து 110 அடி உயரத்தில் 90 இலட்சம் காலன் நீரைத் தாங்கி நிற்பது. அந்த உயரமே நீருக்கு அழுத்தத்தைத் தருகின்றது. அழுத்தமே தெருக்குழாய்வரை நீரைத் தள்ளுகின்றது.

நம் உடலில் தொட்டிக்கு ஈடாக அமைந்தது இருதயம். அது ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லி லிட்டர் குருதியை வெளியே தள்ளுகின்றது. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று கொண்டால், நிமிடந்தோறும் ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு நாளில் 7,000 லிட்டர். உடலில் இருக்கும் குருதி முழுதும் 5 லிட்டர் அளவே ஆதலால், அத்தனையும் ஒரு நிமிடத்தில் ஒரு முறை சுற்றி வருகின்றது எனலாம்.

மருத்துவர் கூறும் 120 என்ற எண், 120 மில்லி மீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கும் அழுத்தத்தைக் குறிக்கும். பாதரசம் நீரைவிடப் பதின்மூன்றரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட கனமுடையது. ஆகவே அதே அழுத்தம் நீரை ஏறத்தாழ 5 அடி 4 அங்குலம் உயர்த்தும். டாலா தொட்டியின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கே இது. எனினும் உச்சி முதல் உள்ளங்கால்வரை குருதியைச் செலுத்த இது போதுமானது.

இரண்டு எண்களின் பொருள்

120/80 என்று இரண்டு எண்கள் எழுதப்படுவது ஏன்? இருதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளும் கணத்தில் உள்ள அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்பிற்காக அது தளர்ந்திருக்கும் கணத்தில் உள்ளது கீழ் எண். தளர்ந்த நேரத்தில் அழுத்தம் பூஜ்யமாகிவிடாதது வியப்பன்றோ? இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி, ஏறத்தாழ ஓர் அங்குலக் குறுக்களவுடையது. ரப்பரைப் போல் விரியும் தன்மை வாய்ந்தது. குருதி பாயும்போது அது விரிந்து கொள்கின்றது; இருதயம் ஓய்வெடுக்கும்போது தானே சுருங்கி, தாங்கி வைத்த குருதியை முன்னே தள்ளுகின்றது. முதுமையில் இக்குழாயின் நெகிழ்ச்சி குறைவதனாலேயே பெரியோர்களுக்கு மேல் எண் உயர்ந்தும் கீழ் எண் உயராமலும் காணப்படுகின்றது.

பெருநாடி கிளைத்துக் கிளைத்துச் சிறு நாடிகளாகவும், பின் கண்ணுக்குப் புலப்படாத தந்துகிகளாகவும் ஆகின்றது. குருதி சுற்றி ஓடுவதை 1628-இல் உலகிற்கு அறிவித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, நாடியிலிருந்து சிரைக்கு அது எவ்வழியாகச் செல்கின்றது என்பதைக் காணாமலே 1657-இல் காலமானார். நான்காண்டு கழித்து, 1661-இல், இத்தாலியரான மால்பீகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து அத்தந்துகிகளைக் கண்டார். சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பயணச்சீட்டு வாங்க நிற்போர் வரிசையைப் போலச் செல்லும் அளவே அவை அகலமுடையன. உயிர்வாயுவும் உணவும் திசுக்களுக்கு இறங்குவதும், கழிவு ஏறுவதும் அங்கேதான். அதன்பின் குருதி சிரைகளின் வழியே திரும்புகின்றது. மெல்லிய சுவருடைய இச்சிரைகளிலேயே எந்நேரமும் உடற்குருதியில் பாதிக்கு மேல் தங்கியிருக்கின்றது. கால்களிலுள்ள சிரைகளில் கதவுகள் போன்ற அடைப்பிதழ்கள் அமைந்து, மேலேறிய குருதி கீழே வழியாது காக்கின்றன.

சிறு நாடியின் பேராற்றல்

அழுத்தத்தை ஆளும் இடம் எது என்று கேட்பின், பெருநாடியும் அன்று, தந்துகியும் அன்று. இடைப்பட்ட நுண்ணிய சிறு நாடிகளே என்பது விடை. அவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசை அமைந்துள்ளது. அது இறுகினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும்.

இவ்வொடுக்கத்தின் விளைவைப் பிரெஞ்சு மருத்துவரான புவாசேய் 1840-களில் கணக்கிட்டுக் காட்டினார். குழாயின் அகலம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். பத்தில் ஒரு பங்கு அகலம் குறைந்தாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். உடலெங்கும் உள்ள சிறு நாடிகள் இவ்வாறு சற்றே இறுகிய நிலையில் இருப்பின், அதே அளவு குருதியை ஓட்டுவதற்கு இருதயம் எத்துணை மிகுதியாக உழைக்க வேண்டும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மறுபுறம், இதே திறமே நம்மைக் காக்கவும் செய்கின்றது. ஹௌரா நிலையத்தில் புறப்படும் வண்டியைப் பிடிக்க ஓடும்போது கால் தசைகளுக்குச் செல்லும் சிறு நாடிகள் விரிகின்றன. வயிற்றுக்குச் செல்வன ஒடுங்குகின்றன. வைகாசிப் புழுக்கத்தில் தோலுக்குச் செல்லும் நாடிகள் விரிந்து உடற்சூட்டை வெளியேற்றுகின்றன. மார்கழிக் குளிரில் அவை ஒடுங்குகின்றன. குளிர்காலத்தில் பலருக்கு அழுத்தம் சற்று உயர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அழுத்தத்தை ஆளும் மூவர்

சிறு நாடிகளுக்குக் கட்டளை எங்கிருந்து வருகின்றது? மூன்று இடங்களிலிருந்து வருகின்றது என்று சுருக்கமாகக் கொள்ளலாம்.

முதலாவது நரம்பு. கழுத்தின் இருபுறமும் தலைக்கு ஏறும் நாடிகளிலும் பெருநாடியின் வளைவிலும், சுவரின் விரிவை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. படுத்திருப்பவர் எழுந்து நின்றால் ஏறத்தாழ அரை லிட்டர் குருதி கால்களுக்கு இறங்கிவிடுகின்றது. அப்பொழுது கழுத்தில் அழுத்தம் குறைவதை அம்முனைகள் உணர்ந்து மூளையின் அடிப்பகுதிக்கு அறிவிக்கின்றன. அங்கிருந்து கட்டளை பிறந்து, இருதயம் விரைகின்றது. சிறு நாடிகள் இறுகுகின்றன. இவையெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். கட்டளை தாமதித்தால் கண் இருண்டு தலை சுற்றும். முதியோர் படுக்கையிலிருந்து திடீரென எழலாகாது என்பது இதனாலேயே.

இரண்டாவது சிறுநீரகம். குருதி குறைந்தாலும் அழுத்தம் தாழ்ந்தாலும், அது ரெனின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. 1898-இல் சுவீடன் நாட்டில் டிகர்ஷ்டெட், பெரிமான் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். ரெனினின் தூண்டுதலால் குருதியில் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் விளைகின்றது. அது சிறு நாடிகளை இறுக்குவதோடு, உப்பை வெளியேற்றாது நிறுத்தி வைக்குமாறும் உடலை ஏவுகின்றது. உப்பு தங்கினால் நீரும் தங்கும், நீர் தங்கினால் குருதியின் அளவு பெருகும், அழுத்தம் ஏறும். நரம்பின் ஆட்சி நொடிக்கணக்கில். சிறுநீரகத்தின் ஆட்சி நாட்கணக்கில்.

மூன்றாவது குழாயின் உட்பூச்சே ஆகும். வெறும் வழவழப்பான உறை என்று நெடுங்காலம் கருதப்பட்ட அவ்வுட்சுவர், நாடியைத் தளர்த்தும் பொருளொன்றைத் தானே வெளியிடுகின்றது என்பதை 1980-இல் அமெரிக்கரான ஃபர்ச்காட் வெளிப்படுத்தினார். அப்பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இதற்காக 1998-இல் நோபல் பரிசு அவருக்கும் வேறிருவருக்கும் வழங்கப்பெற்றது. புகையிலை இவ்வுட்சுவரைக் கெடுப்பது. பீடியும் சிகரெட்டும் நாடிக்குப் பகை என்று மருத்துவர் சொல்வதன் பொருள் இதுவே.

பிழையான கடிகாரம்

இத்தனை காவல் இருந்தும் அழுத்தம் உயர்ந்தே நிற்பது எவ்வாறு? பெரும்பாலோர்க்கு ஒற்றைக் காரணம் காணப்படுவதில்லை. பரம்பரை, வயது, உப்பு, உடற்பருமன், மது, அசையாது அமர்ந்திருக்கும் வாழ்வு ஆகிய பலவும் கூடி விளைவிக்கின்றன.

இங்கே நம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுவோம். ஒரு நிலையத்துக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகின்றது என்று கொள்வோம். அதனைப் பார்த்தே மணி அடிக்கப்படுகின்றது. அதனைப் பார்த்தே ஆட்கள் வேலைக்கு வருகின்றனர். உள்ளே இருப்போர்க்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். கழுத்திலுள்ள உணர்முனைகளும் இத்தகையனவே. அழுத்தம் நெடுநாள் உயர்ந்து நின்றால், அவ்வுயர்வையே இயல்பு என்று அவை ஏற்றுக்கொள்கின்றன; அதனைக் குறைக்க முயல்வதில்லை. ஆதலின் நோயாளிக்குத் தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை. உள்ளே நாடிச் சுவர்கள் தடித்துக்கொண்டும், இருதயத் தசை பெருத்துக்கொண்டும், சிறுநீரகம் நைந்துகொண்டும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது; அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் அதனை அறிந்திருக்கவே இல்லை.

வெளியிலிருந்து வேறொரு கடிகாரத்தைக் கொண்டு ஒப்பிட்டாலன்றிப் பிழை வெளிப்படாது. அந்த வெளிக் கடிகாரமே அழுத்தமானி. 1733-இல் ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையின் நாடியில் குழாய் பொருத்திக் குருதி 8 அடிக்கு மேல் ஏறுவதைக் கண்டதாக எழுதி வெளியிட்டார். மனிதருக்கு அம்முறை ஆகாதன்றோ? 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கையில் சுற்றும் காற்றுப் பட்டையை அமைத்தார். 1905-இல் இரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே நாடியின் ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் வழியைக் கூறினார். நூற்றாண்டு கடந்தும் மருத்துவர் அவ்வழியைக் கைவிடவில்லை.

கல்கத்தாவின் பங்கு

அளக்கக் கற்றனர், ஆனால் குறைக்க மருந்து இல்லை. இந்நிலையில்தான் நம் நாட்டுச் செடியொன்று அரங்கேறுகின்றது. சர்ப்பகந்தி என்னும் அச்சிறு செடி இமயத்தின் அடிவாரத்திலும் அஸ்ஸாமிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வது. அதன் கசப்பான வேரைப் பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் சித்தப் பிரமைக்கும் நம் முன்னோர் வழங்கி வந்தனர். பீகாரில் அதற்குப் ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்தியத்திற்கான மருந்து, என்றே பெயர்.

1931-இல் இந்நகரத்து மருத்துவர்களான கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேர் மனநோயைத் தணிப்பதோடு உயர்ந்த இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துகின்றது என்று ஆங்கில மருத்துவ ஏடொன்றில் எழுதினர். கணநாத் சென் ஆயுர்வேதமும் மேலை மருத்துவமும் ஒருங்கே கற்றவர். அதே 1931-இல் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் இரசாயன அறிஞர் அவ்வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ஒன்றுக்கு ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். மருத்துவக் கல்லூரிக்கு அருகே சித்தரஞ்சன் அவென்யூவில் நாம் காணும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், பேராசிரியர் இராம்நாத் சோப்ராவும் அவருடைய துணைவர்களும் இவ்வேரை ஆராய்ந்து 1933-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

எனினும் வெளிநாட்டார் செவிக்கு அது எட்டவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 50 நோயாளிகளுக்கு இவ்வேரை அளித்துக் கண்ட பயனை இங்கிலாந்தின் இருதய நோய் ஏட்டில் வெளியிட்டார். அதன் பின்னரே உலகம் விழித்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்து அறிஞர்களான மூல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர் வேரின் சாரமான ரெசர்பின் என்னும் பொருளைத் தனியே பிரித்தனர். 1957-இல் வகீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ரெசர்பின் செய்யும் வேலை யாது? சிறு நாடிகளை இறுக்குமாறு ஏவும் நரம்பின் முனையில் நார்அட்ரினலின் என்னும் பொருள் நுண்ணிய பைகளில் சேமிக்கப்பட்டிருக்கும். அப்பைகள் மீண்டும் நிரம்பாதபடி ரெசர்பின் தடுக்கின்றது. சேமிப்புத் தீர்ந்துபோகவே, நரம்பு கட்டளையிட்டும் நாடி இறுகுவதில்லை.

143 பேர் தந்த சான்று

‘உடலில் தொல்லை ஏதும் இல்லாதவனுக்கு மருந்து எதற்கு?’ என்ற ஐயம் அக்காலத்து மருத்துவர்களுக்கே இருந்தது. அதனைத் தீர்த்தது அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த சோதனை. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு ரெசர்பின் உள்ளிட்ட மூன்று மருந்துகள். மற்றதற்கு மருந்தற்ற வெற்று மாத்திரை. 1967-இல் முடிவு வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டோருள் 27 பேருக்குக் கடுங்கேடு நேர்ந்தது. மருந்துண்டோருள் இருவருக்கே நேர்ந்தது. வங்கத்து மருத்துவர் எழுதி வைத்த வேரின் சாரம் அம்மூன்றில் ஒன்றாக நின்று, அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்பதை மெய்ப்பித்தது.

ரெசர்பினுக்குக் குறைகளும் உண்டு. சிலர்க்கு மூக்கடைப்பு, சோர்வு, மனச்சோர்வு ஆகியன உண்டாயின. அதனினும் நல்ல மருந்துகள் வந்தபின் இன்று அது அருகியே வழங்கப்படுகின்றது. இன்று மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளுள் ஒன்று ஆஞ்சியோடென்சினைத் தடுப்பது. ஒன்று சிறு நாடித் தசையைத் தளர்த்துவது. ஒன்று உப்பையும் நீரையும் வெளியேற்றுவது. மேலே கூறிய ஆட்சியாளர்களுள் எவரேனும் ஒருவரை அடக்குவதே ஒவ்வொன்றின் தொழிலும். சர்ப்பகந்தி வேர்ப்பொடியைத் தாமே வாங்கி உண்பது ஆபத்தாகும். ஒவ்வொரு வேரிலும் சாரத்தின் அளவு வேறுபடும். ஏற்கெனவே உண்ணும் மாத்திரையோடு அது மோதவும் கூடும்.

நம் குடும்பங்களுக்கு

நம் அலுவலகத்தில் மூத்த அன்பர் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டா. ஓராண்டு மாத்திரை உண்டபின் அழுத்தம் 126/80 என்று வந்தது. “நோய் தீர்ந்தது” என்று மகிழ்ந்து மாத்திரையை நிறுத்தினார். அந்த எண் மாத்திரையால் வந்த எண் என்பதை அவருக்கு எடுத்துரைப்பார் இல்லை. எட்டாம் மாதம் காலையில் பல் துலக்கும்போது வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. நான்கு மொழிகள் பேசி எங்கள் பிரிவையே சிரிக்க வைத்தவர், இன்று தம் பேரனை அழைக்கவும் கையசைக்கின்றார். இச்செய்தியை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவர் சொல்லின்றிச் செய்யத் தக்கதன்று என்பதை நம்மவர் ஒவ்வொருவரும் உணர வேண்டுமென்றே எழுதினோம்.

அடுத்தது உப்பு. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் பழமொழி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், உண்க என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையிலும் ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியன வருகின்றன. அவை தாய்வீட்டின் அன்பு. அவற்றைத் தள்ளுமாறு சொல்ல நமக்கும் மனமில்லை. நாள்தோறும் மூன்று வேளை என்பதை வாரத்தில் இருமுறை என்று ஆக்கிக்கொள்ளலாம். ஆனால், சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாது ‘மாற்று உப்பு’ வாங்கலாகாது. அதிலுள்ள பொட்டாசியம் அவர்க்குத் தீங்கு செய்யும்.

அளக்கும் முறையிலும் கவனம் தேவை. காப்பி அருந்தியும் மாடிப்படி ஏறியும் வந்தவுடன் அளத்தல் கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பேசாது அமர்ந்திருக்க வேண்டும். பட்டை வெறுங்கையில் சுற்றப்பட்டு, இருதயத்தின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். கை 10 சென்டி மீட்டர் தாழ்ந்து தொங்கினால் 7 அல்லது 8 எண் கூடிக் காட்டும். ஒருமுறை மட்டும் அளந்து முடிவு செய்யாது, வேறு வேறு நாட்களில் அளந்து, 140/90 என்ற அளவையோ அதற்கு மேலையோ தொடர்ந்து காட்டினால் மருத்துவரை நாடுக.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கும் தாய் தந்தையர் பலர் வங்க மொழி அறியாமையால் மருத்துவரிடம் செல்லவும் தயங்கி, “எனக்கு ஒன்றும் இல்லையப்பா” என்றே கூறிவிடுகின்றனர். அவர்களுக்கு ஒன்றும் தெரியாமலிருப்பதே இந்நோயின் இயல்பு என்பதை மேலே கண்டோம். நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் ஒரு மூலையில் ஒரு மேசை, ஓர் அழுத்தமானி, ஒரு குறிப்பேடு, அளக்கத் தெரிந்த ஓர் அன்பர் ஆகிய நான்கும் இருந்தால் போதும். குறிப்பேட்டை எழுதும் வேலையை எழுத்தரான நாமே ஏற்றுக்கொள்கின்றோம். வருகின்ற கூட்டத்திற்கு அன்பர்கள் தம் வீட்டுப் பெரியோரையும் உடன் அழைத்து வருவார்களாக.